போன கோடும் வந்த கோடும்

வெள்ளிக்கிரகத்துக்குப் போன ஒரு கருவியை இந்த இரண்டு கைகளாலும் தூக்கி அனுப்பியவன் நான்.

பொய். நான் அதைத் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் அது போயே இருக்காது. அதைத் தொடாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். உலகத்தில் எல்லாரும் ஏதோ ஒன்றைச் செய்து சம்பளம் வாங்குகிறார்கள். ஒன்றைச் செய்யாமல் இருந்து வாங்கியவன் எங்கள் தெருவில் நான் ஒருத்தன்தான். கவுன்சிலரைச் சேர்த்தால் இரண்டு பேர்.

எங்கள் கம்பெனி ஆண்டு மலருக்கு இதை எழுதச் சொன்னது இப்போது அங்கே தொட்டி ஷெட்டில் வேலை செய்கிற பிள்ளைகள். அவர்களுக்கு வேலை செய்யும்போது போடுகிற வெள்ளை அங்கி வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வருகிறது. ஒரு தடவை போட்டுக்கொள்கிறார்கள், கழற்றிக் குப்பையில் எறிகிறார்கள். ரிட்டயர் ஆனவர்களுக்கெல்லாம் கம்பெனியில் சாப்பாடு போட்ட அன்றைக்கு ஒருத்தன், "அண்ணே, ஒங்க டைம்ல அங்கிய தொவைச்சுத் தொவைச்சுப் போட்டுக்கினீங்களாமே, மெய்யாலுமா?" என்று கேட்டான். ஏதோ நான் இலை தழையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவன் மாதிரி. துவைத்ததில்தான் கதையே இருக்கிறது என்றேன். எழுதித் தாங்க என்றார்கள். மாட்டிக்கொண்டேன்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். அதிலும் நாலாவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் அதை இரண்டு தடவை படித்தேன். மற்றபடி டீக்கடைப் பேப்பர் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் இது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால்தான் எனக்கு எழுத்து வரும். வாய் மூடினால் பேனாவும் மூடிக்கொள்ளும். அதனால் வாசலில் துணி தேய்த்துக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரி கன்னியம்மாவுக்கு நான் எழுதுவது முழுக்கக் காதில் விழும். "சத்தம் போட்டு எழ்தாதய்யா, கஸ்டமர் வராங்கோ" என்று இதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

திருவாலங்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். அப்பா அடுத்தவர் நெல்லை அறுத்தார். எனக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளாமல் கும்மிடிப்பூண்டிக்கு ஓடி வந்து, இரும்பு உருக்குகிற கம்பெனியில் சேர்ந்தேன். வெயிலுக்குப் பயந்து உலைக்குள் போய் உட்கார்ந்த புத்திசாலி நான். அங்கிருந்தும் ஓடினேன். பெயின்ட் கம்பெனி நாற்றம் தாங்காமல் அங்கிருந்தும் ஓடினேன். கடைசியில் காற்றில்லாத் தொட்டி செய்கிற கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, ரிட்டயர் ஆகிறவரை அங்கேயே இருந்துவிட்டேன். காற்றே இல்லாத இடத்தில்தான் நான் நிலைத்தேன்.

காற்றில்லாத் தொட்டி என்றால், ஆள் உள்ளே நுழைகிற அளவுக்கு எவர்சில்வரில் படுக்க வைத்த உருளை. கதவை மூடிப் பம்பு போட்டால் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் வெளியே வந்துவிடும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் வாங்குவார்கள். அதில் பெரிய தொட்டி ஒன்றை ஒரு வருஷம் விண்வெளி ஆராய்ச்சி செய்கிறவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்தவர் சுகந்தி மேடம். அந்தப் பெயரை நாங்கள் சொன்னதே இல்லை. மேடம் என்றால் எங்களுக்கு அவர் ஒருத்தர்தான்.

தொட்டிக்கு இரண்டு ஆள். உள்ளே இறங்கித் துடைக்க நான், பம்பு ஓட்ட சாலமன். சாலமன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவான், மற்ற ஆறு நாளும் என்னைத் திட்டுவான். முதல் நாளே மேடம் எங்களை உட்கார வைத்து என்ன வேலை என்று சொன்னார். எங்களுக்கு யாரும் அப்படி உட்கார வைத்துச் சொன்னதில்லை. செய் என்பார்கள், செய்வோம்.

"வெள்ளிக்கிரகத்தைச் சுத்திக் காத்து இருக்கு. ரொம்ப உயரத்துல வெயில் நேரா அடிச்சு அந்தக் காத்தை உடைச்சுடுது. உடைஞ்ச காத்துல கரன்ட் ஓடும். அந்த அடுக்குக்கு அயனி மண்டலம்னு பேரு. அங்க எவ்வளவு கரன்ட் இருக்கு, எவ்வளவு சூடா இருக்குன்னு நம்ம கருவி பாத்துச் சொல்லணும்."

"வெயில்ல காத்து ஒடையுமா மேடம்?" என்றான் சாலமன்.

"கும்மிடிப்பூண்டி வெயில்ல மன்சனே ஒடையிறான், காத்து ஒடையாதா?" என்றேன் நான்.

மேடம் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதவர் உலகத்தில் கன்னியம்மா ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

அந்தக் கருவியைப் பார்த்ததும் எங்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒரு பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு குச்சி, குச்சி முனையில் தங்க நிறத்தில் ஓர் உருண்டை. அவ்வளவுதான். சாலமன் அதற்கு அன்றைக்கே லட்டு என்று பெயர் வைத்துவிட்டான். கடைசியில் மேடமும் லட்டு என்றுதான் சொன்னார்.

லட்டு செய்கிற வேலை இதுதான். அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் ஏற்றுவார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். சுற்றிலும் உடைந்து கிடக்கிற காற்றிலிருந்து லட்டு எவ்வளவு கரன்ட் வாங்கிக்கொள்கிறது என்று கம்ப்யூட்டரில் ஒரு கோடு விழும். ஏற்றும்போது கோடு மலை ஏறுகிற மாதிரி ஏறும். இறக்கும்போது அதே கோட்டின் மேலேயே இறங்கி வரவேண்டும். லட்டுமேல் அழுக்கு இருந்தால் அந்த அழுக்கு கொஞ்சம் கரன்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்புறம் விடும். அப்போது போன கோடு ஒன்று, வந்த கோடு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டில் எது நிஜம் என்று யாராலும் சொல்ல முடியாது.

"போன வழியே திரும்பணும். அதுதான் நம்ம ஆளு சுத்தமா இருக்கான்னு அர்த்தம்" என்பார் மேடம்.

"எங்க ஊட்ல கூட அப்டித்தான் மேடம். போன வழியே நேரா திரும்பி வர்லன்னா பேஜாரு" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் பூமியிலேயே பார்த்துவிட்டுத்தான் அனுப்பவேண்டும். அதற்குத்தான் எங்கள் தொட்டி. காற்றை உறிஞ்சிவிட்டு, துளியூண்டு வேறு காற்றை விட்டு, அதில் கரன்ட்டைப் பாய்ச்சினால் உள்ளே ஊதா வெளிச்சம் எழும்பும். வெள்ளிக்கிரகத்து மேல்வானம் எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அப்படியாம். வட்டக் கண்ணாடி வழியாகப் பார்ப்போம். வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும், பக்கத்து உருக்காலைப் புகை மேலே போகும், ஷெட்டுக்குள் வேறொரு கிரகத்து வானம் எரிந்துகொண்டிருக்கும். அந்த வானத்தைக் கூட்டிப் பெருக்கினவன் நான். இது பொய் இல்லை.

கூட்டிப் பெருக்குவது என்றால் விளக்குமாறு எடுத்துக்கொண்டு போவது இல்லை. அதற்கு மேடம் வைத்திருந்த முறையை இன்றைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வேலை நாளில் தலைக்கு எண்ணெய் கிடையாது. பவுடர் கிடையாது, செண்டு கிடையாது. நெற்றியில் விபூதி இருந்தால் கழுவிவிட்டு வரவேண்டும். சாலமன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி டிபன் பாக்ஸில் வைப்பான். உடை மாற்றுகிற அறையில் அங்கி, தலைக்கு முக்காடு, வாய்க்கு மூடி, காலுக்கு உறை, கைக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உறை. ஒட்டுப் பாயில் காலை வைத்து எடுத்தால் செருப்புத் தூசி அதோடு போய்விடும். தொட்டிக்குள் இறங்கினால் துணியை நாலாக மடித்து ஸ்பிரிட்டில் நனைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. திரும்ப மேலே தேய்க்கக் கூடாது. ஒரு மடிப்புக்கு ஓர் இழுப்புதான். அப்புறம் அடுத்த மடிப்பு. நாலும் முடிந்தால் துணி வெளியே போய்விடும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. உள்ளே பேசக்கூடாது என்றார்கள். எச்சில் தெறிக்குமாம். பேசாமல் வேலை செய்ததில் எனக்கு முதல் வாரம் காய்ச்சலே வந்துவிட்டது. "மேடம் லட்டுக்காக இவன் வாய மூட்ல, நம்ம காதுக்காக மூட்டாங்கோ" என்று சாலமன் பம்பு பக்கத்தில் நின்று சாட்சி சொல்வான்.

லட்டை மேடம் மட்டும்தான் தொடுவார். அதைத் துடைக்கும்போது கிட்ட நின்று வெளிச்சம் பிடிப்பதும், துணி எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. நான் தொட்டியைத் துடைத்து முடித்ததும் டார்ச்சைப் படுக்கவைத்த மாதிரி தொட்டியின் சுவரோரம் பிடித்துக் குனிந்து பார்ப்பார். எங்காவது ஒரு தூசி தெரிந்தால் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான். கண்ணைத் திறந்து, "மாரி, இன்னொரு தடவை பாத்துடலாங்களா?" என்பார். அந்த "ங்களா"வுக்குப் பயந்து நான் துடைத்த மாதிரி எந்த ஃபோர்மன் கெட்ட வார்த்தைக்கும் துடைத்தது இல்லை.

ஷெட்டு அலமாரியில் ஓர் அலுமினியக் கட்டி இருந்தது. செங்கல் மாதிரி, ஆனால் பளபளப்பாக. அதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். வெள்ளிக்குப் போகிற விண்கலம் வேறு நாட்டுக்காரர்களுடையது. அதில் எங்கள் கருவிக்கு ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். குறித்த நாளுக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடமாட்டார்களாம். எடை சரியாக இருக்கவேண்டும் என்பதற்காக அதே எடையில் இந்தக் கட்டியைத் திருகி அனுப்பிவிடுவார்களாம். மேடம் அந்தக் கருவிக்காகத் தலைமுடி நரைக்கிற அளவு வருஷங்கள் உழைத்தவர். கட்டி எங்கள் பக்கத்து லேத்தில் அரை நாளில் செய்தது.

"மேடம் இத்தினி வர்சம் ஒயச்சு, கட்சீல இந்தக் கட்டி வெள்ளிக்குப் போனா எப்டிக்கும்?" என்பான் சாலமன்.

"படிக்காமலே பாஸாவற கட்டிடா அது. என்ன மாதிரி" என்பேன். சிரிப்போம். ஆனால் தினமும் அந்த அலமாரியைத் தூசி தட்டும்போது எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

மழைக்காலத்தில் கடைசிச் சோதனை வந்தது. அது முடிந்தால் லட்டு பெட்டிக்குள் போய்விடும். அந்த வாரம் ரோட்டில் எல்லாம் தண்ணீர். எங்கள் அங்கிகளைத் துவைத்துத் தருகிற சென்னை வண்டி வரவில்லை. மற்றவர்களுக்கு மாற்று அங்கி நிறைய இருந்தது. என் சைஸுக்கு இரண்டே இரண்டுதான். தொப்பை விஷயத்தில் கம்பெனி என்னை எதிர்பார்க்கவில்லை. மேடம் யோசித்துவிட்டு, "வீட்ல வெறும் தண்ணில அலசி, உள்ளயே காய வெச்சு, கவர்ல போட்டுக் கொண்டாந்துடுங்க" என்றார்.

கன்னியம்மா அப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் அயர்ன் செக்ஷனில் இருந்தாள். அங்கியை விரித்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, பேய்க்குத் தெச்ச சட்ட மாதிரி கீது?"

"வெள்ளிக்குப் போற வேலைமே அது. வெறும் தண்ணில அலசுனா போதும்னாங்கோ."

"சரி, வச்சுட்டுப் போ."

மறுநாள் உடை மாற்றுகிற அறையில் கவரைப் பிரித்தால் அங்கி அட்டை மாதிரி நிற்கிறது. கையில் மடிப்பு, கத்தி மாதிரி. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி இருந்தேன். அவள் கை பட்டால் எந்தத் துணியும் இப்படித்தான் ஆகும் என்று பெருமையோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டேன். நல்ல புத்தி என்பது எனக்கு எப்போதும் ஒரு ஷிஃப்ட் தாமதமாகத்தான் வரும்.

பம்பு போட்டு, ஊதா வெளிச்சம் எழுப்பி, கரன்ட்டை ஏற்றி இறக்கினார்கள். இரண்டு கோடு.

நன்றாகவே பிரிந்து, நடுவில் ஒரு மீன் படுத்திருக்கிற மாதிரி இரண்டு கோடு. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். தொட்டியைத் திறந்தோம், துடைத்தோம், மூடினோம். இன்னும் பெரிய மீன். வயரை மாற்றினார்கள். அப்புறமும் மீன். பம்பு எண்ணெய் உள்ளே வருகிறதோ என்று சந்தேகம் வந்தது. சாலமனுக்கு முகம் செத்துவிட்டது.

"டேய் மாரி, நீ ஒயுங்கா தொடச்சியா?"

"நான் தொடச்சது இருக்கட்டும், ஒன் பம்பு ஏப்பம் வுடுதாம்டா."

"எம் பம்ப சொல்லாத, கெட்ட கோவம் வந்துரும்."

பம்பில் ஒன்றும் இல்லை. நான் துடைக்கத் துடைக்கத்தான் மீன் பெரிதாகிக்கொண்டே போனது. கலத்துக்காரர்களிடமிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்து அலமாரிப் பக்கம் நின்றார். கட்டியை எடுத்துக் கையில் எடை பார்த்தார். திரும்ப வைத்தார். அவர் அழவில்லை, கத்தவில்லை. எங்களைப் பார்த்து, "சாப்பிட்டு வாங்க எல்லாரும்" என்றார். அதைக் கேட்டபோது என் வயிற்றில் இருந்த பசி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்குப் பசி போவது என்பது சாதாரண விஷயம் இல்லை.

சாப்பிட்டு வந்து திரும்ப அங்கி மாட்டியதும் ஷெட்டு ஜன்னலையெல்லாம் மறைத்து விளக்கை அணைக்கச் சொன்னார். கையில் ஒரு விளக்கு. கடையில் கள்ள நோட்டு பார்ப்பார்களே, அந்த மாதிரி ஊதா விளக்கு. அந்த வெளிச்சத்தில் சில அழுக்கு தானாக மின்னும் என்றார். லட்டுமேல் பிடித்தார். தங்க உருண்டைமேல் பொடிப் பொடியாக நீல நட்சத்திரம். நான் வாயைப் பிளந்தேன். அழகாக இருந்தது. பிறகுதான் அது அழுக்கு என்று உறைத்தது.

விளக்கைத் தொட்டிச் சுவரில் ஓட்டினார். அங்கேயும் நட்சத்திரம். தொட்டி வாயின் விளிம்புக்கு வந்தார். அங்கே ஆள் ஏறி இறங்குகிற இடத்தில், அரை வட்டமாக ஒரு பெரிய நீலத் தீற்றல். தொப்பை அளவு. யாருடைய தொப்பை என்று யாரும் கேட்கவில்லை. மேடம் விளக்கை மெதுவாகத் திருப்பினார்.

"ஐயோ, மாரி! நீ எரியிறடா!" என்று சாலமன் கத்தினான்.

குனிந்து பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் இருட்டாக நிற்கிறார்கள். நான் மட்டும் கழுத்திலிருந்து கால் வரைக்கும் கோயில் திருவிழா டியூப்லைட் மாதிரி எரிகிறேன். கையை அசைத்தால் மினுமினு என்று தூள் உதிர்கிறது.

மேடம் விளக்கைப் போடச் சொன்னார். கிட்ட வந்து என் அங்கிக் கையைத் தொட்டு, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"கஞ்சி. சோப்புத்தூளும் இருக்கு. அதுல இருக்கிற வெளுப்பு மருந்துதான் மின்னுது" என்றார். பிறகு, "வீட்ல யாரு தொவைச்சது?"

"நான்தான் மேடம்."

அவர் அந்த மடிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே நான் போட்டிருந்த சட்டையின் கசங்கிய காலர் கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார்.

"இவ்வளவு நல்லா அயர்ன் பண்ண வருமா உங்களுக்கு?"

நான் காலரை அங்கிக்குள் தள்ளிவிட்டேன். வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்போது நான் கான்ட்ராக்ட் ஆள். நாளைக்கு வராதே என்று சொன்னால் அதற்குமேல் ஒரு பேச்சும் கிடையாது. மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது கேட்டது இதுதான்: "உங்க வீடு பக்கமா?"

மேடம் ஊதா விளக்கை எடுத்த இடத்திலிருந்து இந்தப் பத்தி முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் மலர்க்குழு திருத்திக்கொள்ளவும். கஞ்சி போட்டதால்தான் இரண்டு கோடு வந்தது என்று கன்னியம்மாவுக்கு நான் இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. புருஷன் பெரிய இடத்து வேலைக்குப் போகிறான், கசங்கிப் போய் நிற்கக்கூடாது என்று, மழை நாளில் விடியும் முன் எழுந்து, சோற்றுக் கஞ்சியை வடிகட்டிப் போட்டிருக்கிறாள். அதை எந்த வாயால் சொல்வது? எல்லாவற்றுக்கும் வாய் வைத்திருக்கிற எனக்கு இதற்கு மட்டும் இல்லை.

மேடம் அன்றைக்கு மாலையே வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவில் முட்டிக்குக் கீழே தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வந்தார். கன்னியம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தாள். மேலிருந்து கீழே, ஒரே இழுப்பில். நான் மேடத்தைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கையில ஒரு வேலை ஆகணும். எங்க எல்லாரோட அங்கியும் துவைச்சுக் குடுக்கணும். தண்ணி கேன்ல நானே அனுப்பறேன். சோப்பு வேணாம். கஞ்சி வேணாம்."

"கஞ்சி இல்லாம துணியா?" கன்னியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "தொங்கும் மேடம். ஆபிசருங்க போடற துணி, பொணத்து மேல போத்துன மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

"அயர்னாவது பண்ணட்டா?"

"அதுவும் வேணாம்மா."

"அப்பறம் எங்கிட்ட எதுக்குக் குடுக்குறீங்கோ?" என்றாள். நியாயமான கேள்வி.

மேடம் என்னைப் பார்த்து, "மாரி, குடிக்க ஏதாவது வாங்கிட்டு வரீங்களா?" என்றார். நான் தண்ணீரில் சளக் சளக் என்று நடந்து போய்க் கலர் சோடா வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னவாம் என்று கேட்டேன். "ஒன்னியும் இல்ல, நீ கெளாசு எடு" என்றாள் கன்னியம்மா. நான் எத்தனையோ மாதமாக ஜோக் அடித்தும் சிரிக்காதவரை இவள் ஒரு கலர் வாங்கி வருகிற நேரத்தில் சிரிக்கவைத்துவிட்டாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கன்னியம்மா லீவு போட்டுவிட்டு அங்கிகளை அலசிக் கொடுத்தாள். கேன் கேனாகத் தண்ணீர். ஒவ்வொரு அங்கியும் தொங்கியது. அவள் முகமும் தொங்கியது. ஊதா விளக்கில் பிடித்தால் ஒன்றும் மின்னவில்லை. தொட்டியை முதலிலிருந்து துடைத்தேன். மேடம் லட்டைத் துடைத்தார். பம்பு போட்டோம். அது காற்றை உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் சாலமன் ஜெபம் பண்ணினான், நான் முருகனைக் கூப்பிட்டேன். ஒருத்தராவது போனை எடுப்பார்கள் என்று.

ஊதா வெளிச்சம் எழும்பியது. கோடு ஏறியது. திரும்பியது. இறங்கியது.

மீன் இல்லை. ஆனால் ஒரே கோடு என்றும் சொல்ல முடியவில்லை. ஓர் இடத்தில் மட்டும், தலைமுடி அளவு ஒரு விலகல். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இருக்கிறது, அகலமாகத் திறந்தால் இல்லை.

"இது மிஷின் நடுக்கமா, இல்ல இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கா, எனக்குத் தெரியலை" என்றார் மேடம். தெரியவில்லை என்று ஒரு படித்தவர் எங்கள் முன்னால் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். இன்னொரு தடவை துடைக்க நாள் இல்லை. துடைக்கிறோம் என்று உட்கார்ந்தால் கட்டி போய்விடும். இப்படியே அனுப்பி, அங்கே போய் அது இரண்டு கோடாக விழுந்தால், கட்டியை அனுப்பியிருக்கலாம் என்பார்கள். மேடத்தைத்தான் சொல்வார்கள்.

அவர் கட்டியைப் பார்த்தார், லட்டைப் பார்த்தார். "அனுப்பிடலாம்" என்றார்.

"மேடம், அங்க போயி ரெண்டு கோடா வந்தா இன்னா பண்றது?"

"அங்க தொடைக்க நீங்க இருக்கமாட்டீங்க மாரி."

"இட்டுக்கினு போனா வரேன் மேடம்."

"உங்க எடைக்கு அங்க எடம் இல்ல."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். நான் சொல்லியிருக்க வேண்டிய ஜோக். சாலமன் பம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லட்டு பெட்டிக்குள் போனது. பெட்டியை வண்டியில் ஏற்றும்போதுகூட நான் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஷெட்டைக் காலி செய்து போகிறபோது மேடம் அந்தக் கட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கன்னியம்மாவிடம் கொடுத்தார். எனக்கு இல்லை, அவளுக்கு. "இது போகாம இங்கயே இருக்குன்னா அதுக்கு நீங்கதான் காரணம்" என்றார். அவள் அதை ஒரு நல்ல துணியில் சுற்றி வைத்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியை விட்டு வாசலில் தேய்க்க ஆரம்பித்த பிறகு துணியைப் பிரித்து வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

கலம் கிளம்பிப் போயிற்று. எனக்கு ரிட்டயர்மென்ட் வந்தது, மேடத்துக்கும் வந்தது. சாயங்காலம் மேற்கே வெள்ளி தெரிகிற நாளில் அந்தத் தலைமுடி அளவு விலகல் எனக்கு ஞாபகம் வரும். கன்னியம்மாவிடம், "நம்ம லட்டு அங்கதான் கீதுமே" என்பேன். "ஒயுங்கா இருக்குதான்னு பாரு" என்பாள், பெண் கொடுத்த வீட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

ஒரு நாள் மேடம் போன் செய்தார். கலம் போய்ச் சேர்ந்துவிட்டது, குச்சி நீண்டுவிட்டது, முதல் கோடு வரப்போகிறது, எங்கள் கம்பெனி கேன்டீன் டிவியில் காட்டுகிறார்கள், வாங்க என்றார். கன்னியம்மாவைக் கண்டிப்பாக அழைத்து வரச் சொன்னார். என்னைப் பற்றி அவ்வளவு கண்டிப்பு இல்லை. சாலமன் சர்ச்சுக்குப் போடுகிற சட்டையில் வந்திருந்தான். மேடம் கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. ஆனால் கேன்டீனில் எல்லாரையும் எண்ணெய் இல்லாத தலையா என்று பார்க்கிற அதே பார்வை.

டிவியில் கட்டம் கட்டமாக ஒரு தாள் மாதிரி தெரிந்தது. ஒரு புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. கோடு ஏற ஆரம்பித்தது. ஏறி ஏறி மேலே போய் நின்றது. அப்புறம் திரும்பியது. இறங்க ஆரம்பித்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். கோடு பாதி இறங்கியிருக்கும். அன்றைக்குத் தலைமுடி அளவு விலகினதே, சரியாக அந்த இடம். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். எனக்கு முன்னால் சாலமன் எழுந்து டிவியை மறைத்துக்கொண்டு—

"யோவ்! இன்னும் எறங்கலியா அந்தக் கோடு? காலீலர்ந்து எறக்கிக்கினே கீறே. போன வழியே ஒயுங்கா திரும்பி வந்துச்சு, மேடம் எங் கையப் புட்ச்சிக்கினு அய்தாங்கோன்னு எழ்திட்டு எந்திரிச்சு வாய்யா. காத்து அடிக்குது, தேச்ச துணியெல்லாம் பறக்குது. கட்டிய எட்த்துக்கினு வா." வாசலிலிருந்து கன்னியம்மா.

"தோ, வரேன்மே."

"கஞ்சி மேட்டரும் எழ்திட்ட இல்ல? வாய மூடிக்கினு எழ்துனா எனக்குத் தெரியாதாக்கும். நீ கலரு வாங்கப் போனப்பவே மேடம் சொல்லிட்டாங்கோ. வா சீக்கிரம்."

கட்டி இந்தத் தாள்களின் மேல்தான் இருக்கிறது. அதை எடுத்தால் இதெல்லாம் பறக்கும். பறக்கட்டும், துணி கஸ்டமருடையது.